அறுநூற்று மூன்றாம் பண்டல்

திருப்பூர் பனியன் கம்பெனியின் நோட்டீஸ் போர்டில் ரோஸ்மேரியின் போட்டோவை ஒட்டிய நேரத்தில் அவள் மூன்றாம் தையல் லைனில் உட்கார்ந்து ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. கை கழுவப் போன பெண்கள் போர்டுக்கு முன்னால் கூடி நிற்பதைப் பார்த்து, போனஸ் பற்றி ஏதோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு டிபன் பாக்ஸோடு அவளும் போனாள். அவளைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பதினோரு வருடத்தில் இந்தக் கம்பெனியில் யாரும் அவளுக்கு அப்படி வழிவிட்டதில்லை.

போர்டில் நாலு காகிதங்கள் இருந்தன. முதலாவதில் சிவப்பு நிறக் குழந்தைச் சட்டை ஒன்று. இரண்டாவதில் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்த ஊசி முனை, குறுணை அரிசி அளவு. மூன்றாவதில் அந்தச் சட்டையின் உள்பக்கம் தைத்திருந்த சாட்டின் லேபிள், அதிலிருந்த கறுப்பு வெள்ளைப் புள்ளிக்கட்டம் தெரிகிற மாதிரி கையகலத்துக்குப் பெரிதாக்கி அச்சடித்தது. நாலாவதில் அவள். ஐ.டி. கார்டுக்காக எண்ணெய் தேய்த்துச் சீவி, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தபடி எடுத்துக்கொண்ட போட்டோ. அதற்குக் கீழே, இவரது கவனக்குறைவால் ஜப்பானில் ஒரு குழந்தையின் இடுப்பில் ஊசி குத்தி ரத்தம் வந்தது, இப்படிப்பட்டவர்களால் நம் எல்லோர் வேலைக்கும் ஆபத்து என்று தமிழில் எழுதியிருந்தது.

ரோஸ்மேரி தன் போட்டோவை எட்டிப் பிடுங்கப் போனாள். சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்த இழுப்பில் அவள் விரலில் மாட்டிக் கிழிந்து வந்தது பக்கத்தில் இருந்த லேபிள் காகிதம். அதைக் கசக்கிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, சாப்பிடாமலே வெளியே நடந்தாள். அன்றோடு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் கம்பெனியிலிருந்து மாலையில் போன் வந்தது.

இரண்டு நாளைக்கு முன்னால்தான் ஜி.எம். பொன்னுச்சாமி அவளை ரூமுக்குக் கூப்பிட்டிருந்தார். குண்டடம் பக்கத்துக்காரர். கோபமாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, ஜப்பானிலிருந்து சட்டை ஒன்று திரும்பி வந்த கதையைச் சொன்னார். லேபிளில் உள்ள புள்ளிக்கட்டத்தை மிஷின் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் தைத்தது என்று தெரியும். ஆனால் அந்தக் குழந்தையின் அம்மா, லேபிள் உறுத்துகிறது என்று கத்தரியால் ஒரு மூலையை வெட்டியிருக்கிறாள். துவைத்துத் துவைத்து மீதியும் மங்கிப் போயிருக்கிறது. மிஷின் படிக்க மறுக்கிறது. கட்டத்துக்கு அடியில் இருந்த நம்பரில் கடைசியாக 03 என்பது மட்டும்தான் தெரிகிறது. ஆகவே மூன்றாம் லைன் என்றார். போன வருடம் மே மாதத்தில் மூன்றாம் லைனில் ஊசி ஒடித்தது நீ ஒருத்திதான் என்றும் சொன்னார்.

ஒடித்தது உண்மை. ஊசி ஒடியாத டெய்லர் எந்த ஊரிலும் இல்லை. ஒடிந்தால் துண்டுகளையெல்லாம் தேடிப் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, சேர்த்து வைத்தால் முழு ஊசியாகிறதா என்று சூப்பர்வைசர் பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். அன்றைக்கு அவள் மூன்று துண்டு ஒட்டினாள். பொன்னுச்சாமி விரித்துக் காட்டிய பக்கத்தில் இரண்டு துண்டுகள் இருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் டேப்பைப் பிய்த்தெடுத்த தடம் மட்டும் சுரசுரவென்று இருந்தது. அவள் விரல் வைத்துக் காட்டினாள்.

"அது வேற ஏதாச்சும் ஒட்டியிருந்திருக்கும்மா," என்றார் அவர். "உன்னைய நான் குத்தம் சொல்லலை. ஜப்பான்காரனுக்கு ஒரு பேரு சொல்லோணும், அவ்வளவுதான். ஃபைலுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. நான் இருக்கறனல்ல."

இங்கிலீஷில் அடித்த ஒரு பக்கம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, இனிமேல் ஜாக்கிரதையாக இருப்பேன் என்று போட்டிருப்பதாகச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள். அது குற்றத்தை ஒப்புக்கொள்கிற கடிதம் என்று போர்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

புருஷன் ஜெபக்குமார் வேறொரு கம்பெனியில் கட்டிங் பார்க்கிறவன். இரண்டு பேரும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். போயம்பாளையத்தில் லைன் வீடு. 2009ஆம் வருடத்து ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. தெருவில் பனியன் துணிப் பிசிறுகள் பறந்து குழம்புச் சட்டியில் வந்து விழுந்தன. அவன் கருவாட்டுக் குழம்பில் மிதந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, வேறு கம்பெனிக்குப் போயேன், ஓவர்லாக் டெய்லருக்குத் திருப்பூரில் வேலையா இல்லை என்றான்.

திங்கட்கிழமை போனாள். முதல் கம்பெனியில் மிஷினில் உட்கார வைத்துத் தைக்கச் சொல்லிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். பேர் கேட்டார்கள். பேர் சொன்னதும் உள்ளே போனவர்கள் திரும்பி வந்து ஆள் தேவையில்லை என்றார்கள். இரண்டாவது கம்பெனியில் ஆபீசில் இருந்த பெண் கொஞ்சம் நல்ல மாதிரி. கம்ப்யூட்டரை இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதே போட்டோ, எண்ணெய்த் தலையோடு. எல்லாக் கம்பெனிக்கும் மெயில் வந்திருக்கிறது அக்கா என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் பிரின்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். எட்டாவது படிக்கிறவள்.

"எம்மா, அந்தப் பாப்பா செத்துப் போச்சா?"

யார் சொன்னது என்று ரோஸ்மேரி கேட்டாள். கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மா அதே கம்பெனியாம். உங்கம்மா ஊசியைப் போட்டு ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று வகுப்பில் சொன்னார்களாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெபக்குமார் மெதுவாக, ஊருக்கே போயிரலாமா என்று ஆரம்பித்தான்.

"எதுக்குப் போகணும்?" என்றாள் ரோஸ்மேரி. "நான் என்ன களவாண்டேனா? மூணு துண்டு ஒட்டினேன். ஒண்ண உரிச்சு எடுத்துருக்காவ. பேக்கிங்ல ஊசி பிடிக்கிற மிஷின் இருக்கு. குண்டூசி நுனி இருந்தாலும் பெல்லு அடிச்சு பெல்ட்டு நின்னு போகும். ஒவ்வொரு பீசும் அதுல போயித்தான் வரும். அந்த மிஷினத் தாண்டி இந்த முனை எப்படி ஜப்பானுக்குப் போச்சு? இத நான் அன்னைக்கே அவருகிட்ட கேட்டுருக்கணும். டீயக் குடிச்சுட்டு வந்துருக்கேன்."

மறுநாள் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தபோது அந்தக் காகிதம் கையில் வந்தது. குழம்புக் கறையோடு நாலாக மடிந்து கிடந்தது. தூக்கி எறியப் போனவள் அதை விரித்துப் பார்த்தாள். அந்தப் புள்ளிக்கட்டம் போட்ட லேபிள்களை அடித்துக் கொடுப்பவன் வாசிம். பிரின்டர் ரிப்பேர் என்றால் கம்பெனிக்கு வருவான். லைன் பக்கம் வந்தால் அக்கா என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டான். படிக்க முடியவில்லை என்று பொன்னுச்சாமிதானே சொன்னார். அடித்தவனிடம் யாராவது கேட்டார்களா என்று அவளுக்குத் தோன்றியது.

காதர்பேட்டைச் சந்துக்குள் வாசிமின் கடை. ஒரே அறை. லேபிள் ரோல்களும் மை வாசனையும் நிறைந்திருந்தன. அவள் போன நேரத்தில் கரண்ட் இல்லை; நாலு மணிக்குத்தான் வரும். காகிதத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முப்பத்தைந்து வயது ஆள், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அந்தக் கம்பெனி அவனுக்குப் பெரிய கஸ்டமர்.

"படிக்க முடியாதுன்னா சொன்னாங்க?" என்று கடைசியில் கேட்டான்.

"மூலை போயிருச்சு, மிஷின் எடுக்கலன்னாவ, பாய்."

"மிஷின் எடுக்காதுங்க்கா. மூணு மூலையிலயும் கட்டத்துக்குள்ள கட்டமா இருக்குது பாருங்க, அதை வெச்சுத்தான் மிஷினுக்கு இது எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியும். ஒரு மூலை போனா அதுக்கு இது கியூ.ஆர். கோடுன்னே தெரியாது. ஆனா அந்த மூலையில சேதி ஒண்ணுமே கெடையாதுங்க. உலகத்துல எந்தக் கியூ.ஆர். கோடு எடுத்தாலும் மூலை ஒரே மாதிரிதான். ஏழுக்கு ஏழு. நாமளே வரைஞ்சுக்கலாம்."

மீதி மங்கிப் போயிருக்கிறதே என்றாள். துவைக்கிற துணிக்குப் போடுகிற லேபிள் என்பதால் ஒரே சேதியைக் கூடுதல் கணக்கோடு சேர்த்து எழுதி வைத்திருப்பதாகவும், கால்வாசி வரைக்கும் அழிந்தாலும் இருப்பதை வைத்து இல்லாததைப் போட்டுக்கொள்ளும் என்றும் விளக்கினான். சொல்லி முடித்து, காகிதத்தை மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டான். செய்யலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் கெஞ்சவில்லை. மகள் கேட்ட கேள்வியை மட்டும் சொன்னாள். வாசிம் எழுந்து போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கரண்ட் வந்ததும் காகிதத்தை ஸ்கேன் செய்து, அதன்மேல் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து என்று கம்ப்யூட்டரில் கோடு இழுத்தான். போன மூலையை வரைந்தான். பிறகு ஒவ்வொரு சிறு கட்டமாகக் கறுப்பா வெள்ளையா என்று பார்த்து நிரப்பிக்கொண்டே வந்தான். மங்கின இடத்தில் தெரிந்ததை மட்டும் போட்டான். அடித்தெடுத்து ஸ்கேனரை நீட்டினால் சத்தம் வரவில்லை. திருத்தினான். மறுபடி நீட்டினான். வரவில்லை. தப்பாக நிரப்பின கட்டமும் அழிந்த கால்வாசிக் கணக்கில்தான் சேரும், எங்கேயோ நிறையத் தப்பியிருக்கிறது என்றான்.

ரோஸ்மேரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்தாள். ஓரமாக ஒரே சீராக இறங்கிய கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"இதெல்லாம் என்னது?"

"புள்ளிதானுங்க."

"இல்ல பாய். இது ஊசி ஓட்டை. லேபிள கோணையா வச்சு ஓவர்லாக் அடிச்சுருக்காவ, தையல் கட்டத்து மேல ஏறியிருக்கு. பிரிச்சுப் பாத்துட்டு போட்டோ எடுத்துருக்காவ, அதான் ஓட்டை தெரியுது. இந்த வரிசை முழுக்கக் கறுப்பு இல்ல. இதுக்கு அடியில என்ன இருக்குன்னு பாரும்."

வாசிம் அந்த வரிசையில் தான் நிரப்பியதையெல்லாம் அழித்தான். ஓட்டைகளைத் தாண்டித் தெரிந்த நிறத்தை வைத்து ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்லப் போட்டான். வெள்ளை. வெள்ளை. கறுப்பு. இது தெரியவில்லை, விடும். வெள்ளை. அடித்தெடுத்து ஸ்கேனரை நீட்டினான்.

பீப் என்று கேட்டது. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி விழுந்தது. 1147-OS2-0603.

வாசிம் அந்த வரியைக் கட்டத்துக்கு அடியில் பேனாவால் எழுதி வைத்தான். பிறகு, 1147 என்பது சட்டை மாடல் நம்பர் என்றான். 0603 என்பது பண்டல் நம்பர், அறுபது பீசைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டின் நம்பர். அந்த 03 லைன் நம்பரே இல்லை, அறுநூற்று மூன்றின் வால்.

"நடுவுல இருக்கறது?"

"ஓ எஸ் னா அவுட்சைடுங்க்கா. வெளிய கொடுத்துத் தெச்சது. ரெண்டாவது ஷெட்டு. நெருப்பெரிச்சல்ல இருக்குது. லேபிள் ரோலை நானே வண்டியில கொண்டுபோய்க் கொடுத்திருக்கறன். ஜப்பான் ஆர்டர வெளிய கொடுக்கவே கூடாதுன்னு கண்டிசன். அதான் அமுக்கிட்டாங்களாட்டம் இருக்குது."

ரோஸ்மேரிக்கு ஒரு நிம்மதி வரும் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். வரவில்லை. அவள் காலி டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். மிஷின் படிக்காவிட்டாலும் பொன்னுச்சாமிக்கு இது தெரியும். பேக்கிங்கில் ஊசி பிடிக்கிற மிஷினில் சிக்காமல் முனை போயிருக்கிறது என்றாலே அது உள்ளே தைத்த பீஸ் இல்லை என்று அந்தக் கம்பெனியில் முதலில் தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தான். தெரிந்துகொண்டே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை வாசிம் அடித்துக் கொடுத்த புதுக் கட்டத்தின் பிரதி ஒன்றை ஜி.எம். ரூமில் அவர் மேஜைமேல் வைத்தாள். பொன்னுச்சாமி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. லேபிள்காரன்தான் என்று அவரே ஊகித்துத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து நெருப்பெரிச்சல் ஷெட்காரரைக் கூப்பிட்டு, போன வருடம் மே மாதத்தில் அறுநூற்று மூன்றாம் பண்டல் தைத்தது யார் என்று விசாரித்தார். பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதினார். எங்கள் ரோஸ்மேரி புத்திசாலி, கண்டுபிடித்துவிட்டாள், அந்தப் பொம்பளையை இன்றே நிறுத்திவிடு, போட்டோ ஒன்று வாங்கி அனுப்பு என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"நல்ல காரியம் பண்ணினே, ரோஸ்மேரி. உன் போட்டோவ எடுத்துப்போடலாம். திங்கக்கெழமை வேலைக்கு வந்துரும்மா."

"அந்தப் பொம்பளை போட்டோ எதுக்குங்க?"

"ஒரு ஆளு வேணுமல்ல."

"அவங்க உங்க கம்பெனியே இல்லீங்களே. வெளிய தெச்சதுன்னு ஜப்பான்காரங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"அதெப்படிச் சொல்றது? மூணாம் லைனுன்னேதான் போகும். பேரு தப்பாயிடுச்சு, திருத்திக்கிட்டோம்னு ஒரு மெயில் போட்டுக்கலாம். அங்க இருக்கறவங்களுக்கு நம்ம பொம்பளைங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணுதாம்மா." அவர் டிராயரைத் திறந்து, அவள் கையெழுத்துப் போட்ட அந்த இங்கிலீஷ் பக்கத்தின் நகலை எடுத்து, பேர் இருந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டார். "இதே லெட்டருதான். பேர மட்டும் மாத்தினாப் போதும்."

ரோஸ்மேரி எழுந்துவிட்டாள். அந்தத் துண்டுச் சீட்டில் எழுதியிருந்த பேரை வாசித்துக்கொண்டாள். முத்துப்பேச்சி. வாசல்வரை வந்தவள் திரும்பி, திங்கட்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெருப்பெரிச்சல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். தன் பேரைக் காப்பாற்ற ஒரு காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தோம். ஒரே போனில் இன்னொருத்தி தலையில் அது விழுந்துவிட்டது. இது அவளுக்கு ஆறவே இல்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட்டுக் கேட்டுப் போனாள். சிமென்ட் ஷீட் போட்ட ஷெட். உள்ளே பன்னிரண்டு மிஷின்கள் ஓடுகிற சத்தம். வெளியே வேப்பமரத்தடியில், முப்பது வயது இருக்கும், ஒரு பெண் வெறுங்காலோடு டிபன் பையை வைத்துக்கொண்டு நின்றாள்.

முத்துப்பேச்சியா என்று கேட்டதும் அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் ரோஸ்மேரியா? உம் பேரச் சொல்லித்தான் ஓனரு வெரட்டுனாரு. அவ புத்திசாலி, கண்டுபிடிச்சுட்டான்னாரு. உம் பேரு போச்சுன்னு எம் பேர எடுத்துக் கொடுத்துட்டியா?"

உன் பேர் எனக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும் என்று சொல்ல நினைத்தாள் ரோஸ்மேரி. அது ஒரு சமாதானமாகுமா என்று தோன்றியது. செருப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள். உள்ளே கிடக்கிறது, இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள் முத்துப்பேச்சி. ரோஸ்மேரி விறுவிறுவென்று ஷெட்டுக்குள் போய், வரிசையாகக் கிடந்த செருப்புகளில் எது என்று வாசலைப் பார்த்துக் கேட்டு, எடுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டாள். ஷெட்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

பஸ் ஸ்டாப் பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே முத்துப்பேச்சி பேசினாள். சங்கரன்கோவில்காரி. வந்து நாலு வருடமாகிறது. போன வருடம் மே மாதம் ஊசி ஒடிந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. கீழே உட்கார்ந்து தேடினாள். காந்தம் கேட்டாள். இல்லை என்றார்கள்.

"நான் மறைக்கலக்கா. முனை காணலன்னு அப்பவே சொன்னேம்லா. அறுபது பீசையும் தனியா எடுத்து வச்சு, ஊசி இருக்குன்னு சீட்டெழுதி மேல வச்சேன். பெரிய கம்பெனில மிஷின் இருக்கு, அங்க புடிச்சுக்கிடும்னு ஓனரு சீட்ட எடுத்துக் கசக்கிப் போட்டாரு. அங்க எங்க போச்சு? பெட்டி வந்தது இங்கதான். கட்டுனது இங்கதான். வண்டியேத்துனது இங்கதான். ஒரு மிஷினுக்குள்ளயும் அது போகல."

"இத நாலு பேருக்கு முன்னால சொல்லுவியா?"

"யாரு கேக்கப் போறா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அன்று மத்தியானம் இரண்டு பேரும் ஜப்பான்காரர்களுக்காகத் திருப்பூரில் ஆர்டர் பார்த்துக்கொள்கிற ஆபீசுக்குப் போனார்கள். மாதவன் என்று ஒருவர் இருந்தார். கண்ணாடிக் கதவு, ஏ.சி. குளிர். தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார், புள்ளிக்கட்டக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அழிந்ததைப் படித்துவிட்டார்களே என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். ஆனால் வெளியே தைத்த சங்கதிக்கு அவர் ஆச்சரியப்படவில்லை. வெளியே கொடுக்காமல் எந்தக் கம்பெனியும் தேதிக்குச் சரக்கு அனுப்புவதில்லை, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றார்.

"பேப்பர்ல வராத வரைக்கும் எங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்மா. வந்துட்டா, நான் மேல அனுப்பித்தான் ஆகணும்."

"அப்ப எங்க போட்டோ மட்டும் எப்படிங்க பேப்பர்ல வந்துச்சு?" என்று ரோஸ்மேரி கேட்டாள். அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "சரிங்க. இதுவும் பேப்பர்ல வரட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நடந்ததையெல்லாம் வாசிம் கடையில் உட்கார்ந்து நோட்டீஸாக எழுதினார்கள். ஜெபக்குமார் வேலை முடிந்து நேராக அங்கே வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசாமல், பேனாவை வாங்கிக்கொண்டான். நாலு பேரில் அவன் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்கும். ரோஸ்மேரி சொல்ல, முத்துப்பேச்சி திருத்த, அவன் எழுதினான். என் பேரையும் போட்டுவிடுங்கள், கட்டத்தைப் படித்தது யார் என்று எப்படியும் கேட்பார்கள் என்றான் வாசிம். பெரிய எழுத்தில் அடிப்பதற்கு முன், வேண்டுமானால் இது முழுவதையும் ஒரு புள்ளிக்கட்டமாகவே போட்டுத் தரலாம், இப்போது சில போன்களிலேயே படிக்க முடிகிறது என்று சொன்னான்.

"வேணாம் பாய்," என்றாள் ரோஸ்மேரி. "தமிழ் தெரிஞ்சவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி எழுத்துலயே இருக்கட்டும்."

அடுத்த நாள் காலை ஏழரை மணிக்கு, கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த சுவரில் ரோஸ்மேரியும் முத்துப்பேச்சியும் மைதா பசை தடவி அதை ஒட்டினார்கள். மாதவனுக்கும் ஒரு பிரதி போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ரோஸ்மேரியின் போட்டோவை அன்று பத்து மணிக்கே போர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். முத்துப்பேச்சியின் போட்டோ ஒட்டப்படவே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்து ஷெட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசிமுக்கு அந்தக் கம்பெனி லேபிள் ஆர்டர் நின்று போனது. பெண்கள் இரண்டு பேரும் கார்த்திகை வரைக்கும் வேலையில்லாமல் இருந்து, பிறகு அவிநாசி ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார்கள். ஆனால் அன்று காலை அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. சுவருக்குப் பக்கத்தில், கையில் காய்ந்துகொண்டிருந்த பசையோடு, ஷிப்டுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் வந்தவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு நெருங்கினார்கள். மூன்றாம் லைனில் பட்டன் வைக்கிற மருதாள் படிக்கத் தெரியாதவள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தாள். அந்த நேரத்தில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் மாரப்பன் ரோட்டைக் கடந்து வந்தார். சுவரில் இருப்பதைக் கிழித்துவிடச் சொல்லி உள்ளேயிருந்து போன் வந்திருந்தது. அறுபது வயதுக்காரர். ரோஸ்மேரியைப் பார்த்தார். காகிதத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தவர், அப்படியே நின்று முதல் வரியைப் படித்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"மருதா, நீ கேட்டயல்ல, நானே படிக்கறன் கேளு," என்றார்.

சத்தமாகப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கம். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. இந்தச் சட்டை இந்தக் கம்பெனிக்குள் தைத்தது அல்ல. ஊசி ஒடிந்ததைத் தைத்தவள் அப்போதே சொன்னாள், சீட்டும் எழுதி வைத்தாள். அந்தச் சீட்டைக் கசக்கிப் போட்டார்கள். ரிஜிஸ்டரில் ஒட்டிய துண்டை உரித்தார்கள். ஊசி ஒடிவது குற்றம் இல்லை. தெரிந்துகொண்டே பெட்டி கட்டியது குற்றம். அந்தக் குழந்தைக்காக நாங்கள் வருத்தப்படுகிறோம். எங்களைத் தவிர வேறு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பெண்கள் அசையாமல் நின்றார்கள். எட்டரை மணி சைரன் அடித்தது. ஒருத்தியும் உள்ளே போகவில்லை. பொன்னுச்சாமியின் கார் வந்து, மூடின கேட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி மாரப்பனைக் கூப்பிட்டான். காரின் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியது.

மாரப்பன் திரும்பிப் பார்த்துப் பணிவாகவே சொன்னார்.

"வந்தர்றனுங்க. ரெண்டு வரிதான் பாக்கி இருக்குதுங்க."

அவர் திரும்பி, விட்ட இடத்தில் விரலை வைத்து, கடைசியில் இருந்த ரோஸ்மேரி, முத்துப்பேச்சி, வாசிம் என்ற மூன்று பேர்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்து முடித்தார். பிறகுதான் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார்.